செத்த டிரான்சிஸ்டருக்குப் புது மைக்கா

மூன்றாவது கல் ஷட்டரில் விழுந்தபோது பாஸ் தலையைக்கூடத் திருப்பவில்லை. நான் மேஜைக்கு அடியில் இருந்தேன்.

"என்ன வாலு, அங்க தடயம் ஏதாவது கிடைக்குதா?"

"கிடைக்குது பாஸ். உயிர் மேல ஒருத்தன் வச்சிருக்கற ஆசை. என்னுதுதான்."

"அதைத் துடைச்சுப் பையில போட்டுக்கிட்டு மேல வா."

என்னை வால் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பாஸ் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போவதாலா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததாலா என்று நான் விசாரித்ததில்லை. பாஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடை, எரிந்த லாரி, எரிந்த குடோன் என்று சாம்பலைக் கிளறிப் பொழுதைப் போக்கிய பெண்மணி. யார் அழுதாலும் நம்ப மாட்டார். யார் சிரித்தாலும் நம்ப மாட்டார். துப்பறிய இது போதும் என்று சொந்தமாக ஆபீஸ் போட்டுவிட்டார்.

நாங்கள் இருந்தது ஒரு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. நீளவாக்கில் ஒரே அறை. முன்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் பெரிய மேஜை, பின்சுவரில் நீலத் திரை தொங்கும் ஒரு வாசல். அலமாரி முழுக்க மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபயர்கள். வெளியே முப்பது பேர். அவர்கள் கையில் என்னென்ன இருந்தது என்று பார்க்க நான் பிரியப்படவில்லை.

விஷயம் இதுதான். முந்தாநாள் காலை ஒரு மண்டபத்தில் பரிசளிப்பு விழா. மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்சைப் போட்டார். சத்தம் வரவில்லை. மைக்கில்தான் கோளாறு என்று நினைத்து அவர் மேடைக்குப் போய் ஒயரை நோண்டிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் பெட்டி புகைந்து, தீப்பிடித்து, மேடைத் திரையில் ஏறிவிட்டது. முன்வரிசை முழுக்கக் குழந்தைகள். மனிதர் யோசிக்கவே இல்லை. எரிகிற பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய இரண்டு கைகளும் வெந்துவிட்டன. விரல்கள் இனி மடங்குமா என்று டாக்டர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெட்டியைப் போன வாரம் ரிப்பேர் செய்து கொடுத்தது இந்தக் கடை. அதற்குச் சில நாள் முன்புதான் இந்தக் கடை மெக்கானிக்கும் மைக்செட்காரரும் நடுத்தெருவில் கட்டிப் புரண்டிருந்தார்கள். "உன்னையும் உன் செட்டையும் சேர்த்துக் கொளுத்திடுவேன்" என்று மெக்கானிக் கத்தியதற்குத் தெருவே சாட்சி. சண்டை போட்டாலும் பெட்டி கெட்டால் இங்கேதான் வந்தாக வேண்டும். இந்த வட்டாரத்தில் இவருடைய கைவேலைக்கு அவ்வளவு பேர்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தார். நாலு மணிக்கு மெக்கானிக் ஜீப்பில் இருப்பார்.

எங்களைக் கூப்பிட்டது மெக்கானிக் அல்ல, அவருடைய தங்கை. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. கடையைப் பெருக்குவாள், சீட்டு எழுதுவாள், டீ போடுவாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். காலையில் எங்கள் ஆபீசுக்கு வந்து உட்காராமலேயே பேசினாள்.

"என் அண்ணன் அதைப் பண்ணலை. நிரூபிச்சுக் காட்டுங்க."

"பண்ணலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பாஸ்.

"தெரியும்."

"எப்படி?"

"நீங்கதானே துப்பறியறவங்க. துப்பறிங்க."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். உதவி கேட்டு வந்தவர்களில் என்னை அடிக்காத குறையாகப் பார்த்துவிட்டுப் போனது இவள் ஒருத்திதான்.

வரும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மைக்செட்காரர் இரண்டு கையிலும் கட்டோடு படுத்திருந்தார். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஒரு தடவை பெட்டியைப் போட்டுப் பார்த்தாராம். ஃபியூஸ் போய்விட்டது. உடனே கடைக்குத் தூக்கி வந்தார். தங்கை இல்லை, மெக்கானிக் மட்டும் இருந்தார். பெட்டியை உள்ளே எடுத்துப் போய்ப் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாராம்: "ஈயம் இப்பதான் வச்சிருக்கேன், ராத்திரி பூரா ஆறட்டும். நாளைக்கு மேடையிலயே போடு."

அந்த ஒரு வாக்கியத்தைப் பாஸ் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"அதுல என்ன பாஸ் இருக்கு?" என்றேன் வெளியே வந்ததும்.

"என்னைக்காவது கையில ஈயம் பத்த வச்சிருக்கியா?"

"இல்லை."

"அப்ப வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு."

ஷட்டர் பாதி தூக்கப்பட்டு இன்ஸ்பெக்டர் குனிந்து உள்ளே வந்தார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள், கையில் கோணிப்பை. அவருக்கும் பின்னால் மைக்செட்காரரின் தம்பி. ஒல்லியான ஆள். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. சாட்சிக்கு ஒருத்தன் உள்ளே வரலாம், மற்றவர்கள் வாசலோடு நிற்க வேண்டும் என்று பேசி முடித்திருந்தார்கள்போல. மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்றார் இன்ஸ்பெக்டர் பாஸைப் பார்த்து.

"உங்களைப் பார்க்காம போக மனசு வரலை."

"இந்தக் கேஸ்ல உங்களுக்கு வேலை இல்லை."

"உங்களுக்கும் அதிகம் இல்லைன்னு கேள்விப்பட்டேன்."

இவர்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். நான் இதில் தலையிடுவதில்லை.

மெக்கானிக் மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் டெஸ்டர். எங்களை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. வந்ததிலிருந்து பாஸிடம் பேசியது ஒரே வாக்கியம்: "உன்னை எவன் கூப்பிட்டான்?"

கான்ஸ்டபிள் கோணியை அவிழ்த்துக் கருகிய பெட்டியை மேஜைமேல் வைத்தார். மூடி இல்லை. பின்பக்கம் அலுமினியத் தகட்டில் நாலு இரும்புத் தொப்பிகள் வரிசையாக இருந்தன. அவைதான் பவர் டிரான்சிஸ்டர்களாம். ஒலியை ஊதிப் பெரிதாக்கும் வேலை அவற்றுடையது.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இதுல உங்க கைவேலை எது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மெக்கானிக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். மூன்றாவது தொப்பியைத் தொட்டார். "இது ஒண்ணுதான் நம்ம மாத்தினது. மத்தது பழசு. பாருங்க சார், இந்த டிரான்சிஸ்டர் உடம்பு பூரா கரன்ட். நேரா அலுமினியத்துல உட்கார்ந்தா எல்லாம் போச்சு. அதான் நடுவுல மைக்காத் தகடு. சூடு இறங்கறதுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை பேஸ்ட், தோல் கனத்துக்குத்தான் தடவணும், அப்பினா சூடு நிக்கும். ஸ்குரூ ரெண்டும் ஒரே இறுக்கம். அடியில காலுக்கு ஈயம். எவ்வளவு நீட்டா இருக்கு! இந்தச் சுத்துவட்டாரத்துல என்னைத் தவிர எவன் இப்படி வைப்பான்?"

பேச ஆரம்பித்ததும் மனிதர் வாயில் ஈயம் உருகியது. தன் கழுத்துக்குத் தானே இவ்வளவு ஆசையாகச் சுருக்கு மாட்டிக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

"உங்க வேலைதான்?"

"என் வேலைதான். ஆனா நான் நல்ல டிரான்சிஸ்டர்தான் வச்சேன்."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் அந்தத் தொப்பியின் கரியைத் துடைத்தார். உச்சியில் ஊசியால் கீறிய பெருக்கல் குறி. பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். இருபது முப்பது டிரான்சிஸ்டர்கள் உருண்டன. எல்லாவற்றின் தலையிலும் அதே பெருக்கல் குறி.

"செத்ததை நல்லதோட கலந்துடக் கூடாதுன்னு தலையில கீறி இந்த டப்பாவுல போடறது உங்க கடைப் பழக்கம். தெருவுல எல்லாருக்கும் தெரியும். கரெக்டா?"

மெக்கானிக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. பெட்டியையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செத்ததுன்னு தெரிஞ்சே எடுத்து வச்சிருக்கீங்க. அது போதாதுன்னு, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல தடிச்ச செம்புக் கம்பி. ஃபியூஸ் இருந்திருந்தா அது போயிருக்கும், பெட்டி அப்படியே அணைஞ்சிருக்கும். கம்பி போகுமா?"

நீலத் திரைக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்து தரையில் உருண்டது. பாஸ் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"டேய்!" மைக்செட்காரரின் தம்பி மேஜைமேல் பாய்ந்தான். கான்ஸ்டபிள் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "எங்க அண்ணன் இனிமே சோறு அள்ளித் திங்க முடியுமான்னு தெரியலைடா! அம்மா ஊட்டி விடறாங்கடா அவனுக்கு, நாற்பத்தஞ்சு வயசுல! நீ நல்லா இருப்பியா?"

வாசலில் இருந்தவர்கள் ஓர் அடி உள்ளே வந்தார்கள். எனக்கு மேஜையின் அடிப்பாகம் மறுபடி ஞாபகம் வந்தது.

"இன்ஸ்பெக்டர் சார், எனக்கு அஞ்சு நிமிஷம் கொடுங்க," என்றார் பாஸ்.

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும். போன தடவை மூணு மணி நேரம் ஆச்சு."

"போன தடவை நீங்க தப்பான ஆளைப் பிடிச்சு வச்சிருந்தீங்க. திருத்த நேரம் ஆகுமில்ல?"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கு அர்த்தம் சரி என்பதுதான்.

பாஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார். நான் டார்ச் பிடித்தேன்.

"வாலு, டிரான்சிஸ்டர் காலடியில பாரு. என்ன தெரியுது?"

"ஈயம் பளபளன்னு இருக்கு. வழவழன்னு. மூக்குத்திக் கல் மாதிரி."

"ஃபியூஸ் இடத்துல அந்தக் கம்பியை ஒட்டியிருக்காங்களே, அங்க?"

"சே. காக்கா எச்சம்."

"சார், நீங்களும் பாருங்க. ஒரே பெட்டி. ரெண்டு கை."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். "அவசரத்துல பண்ணா அப்படித்தான் இருக்கும்."

"அவசரத்துல கையெழுத்து கோணும் சார். எழுதவே மறந்து போகாது." பாஸ் கண்ணாடியை மடக்கினார். "இன்னொண்ணு. இந்தச் செத்த டிரான்சிஸ்டரை வச்ச ஆளுக்கு அது வேலை செய்யாதுன்னு தெரியும். வேலை செய்யக் கூடாதுன்னுதான் வச்சதே. அப்ப எதுக்கு அதுக்குப் புது மைக்கா? எதுக்குத் தோல் கனத்துக்குப் பேஸ்ட்? எதுக்கு ஸ்குரூ ரெண்டும் ஒரே இறுக்கம்? பொணத்துக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கறவங்க உண்டா?"

பாஸ் மூன்றாவது தொப்பியை விரலால் தட்டினார்.

"கெடுக்கணும்னு மனசு சொல்லியிருக்கு. கை கேக்கலை. கைக்கு ஒழுங்கா வைக்கத்தான் தெரியும். அந்த ஆள் வேலையில பெரிய ஆள்."

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த வட்டாரத்துல பெரிய ஆள் இவர்தான்."

"அப்படியா? இவர் இருபத்திரண்டு வருஷமா ரிப்பேர் பண்ற மேஜை இது. இதுல ஒரு சூட்டுத் தழும்பு காட்டுங்க பார்ப்போம்."

நான் மேஜையைத் தடவிப் பார்த்தேன். அதன் அடியில் பல்லி எச்சம் இருந்தது எனக்குத் தெரியும். மேலே ஒரு புள்ளிகூட இல்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜை இதைவிட அடிபட்டிருக்கும்.

பாஸ் மெக்கானிக்கின் முன்னால் போய் நின்றார். "உங்களைக் காப்பாத்த வழி இருக்கு. ஒரே ஒரு டிரான்சிஸ்டரை இங்க எல்லார் முன்னாடியும் மாத்திக் காட்டுங்க. உங்க ஈயம் காக்கா எச்சமா இருந்தா, செத்ததை வச்சது நீங்க இல்லை. இன்ஸ்பெக்டரே ஒத்துக்குவார்."

மெக்கானிக் மேஜை ஓரத்தில் இருந்த சால்டரிங் அயர்னைப் பார்த்தார். வாசலில் நின்ற முப்பது முகங்களைப் பார்த்தார். எல்லோரும் இவரிடம் பெட்டி கொடுத்து வாங்கியவர்கள். எல்லோரும் இவரை "சார்" என்று கூப்பிட்டவர்கள். கழுத்திலிருந்து வியர்வை வழிந்து வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது.

"நான் என்ன சர்க்கஸா காட்டறேன்?" என்றார்.

"ரெண்டு நிமிஷ வேலைதானே?"

"முடியாது."

"முடியாதா, தெரியாதா?"

மெக்கானிக் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டர் முன் நீட்டினார். "எழுதிக்கோங்க சார். நான்தான் வச்சேன். செத்ததுன்னு தெரிஞ்சுதான் வச்சேன். எல்லாம் என் கைவேலை. வாங்க போலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் மனிதர் வீட்டுக்குப் போகலாம். ஜெயிலுக்குப் போனாலும் போவேன், அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். இந்த வீம்பை எங்கே போய் அடித்துக்கொள்வது?

நீலத் திரை ஒதுங்கியது.

"அண்ணே, தள்ளு," என்றாள் தங்கை.

"ஏய், உள்ள போ."

"தள்ளுன்னு சொன்னேன்." அவள் குரலைச் சற்றும் உயர்த்தவில்லை. "இன்ஸ்பெக்டர் சார், அது என் வேலை. இந்தக் கடையில இருபத்திரண்டு வருஷமா மாத்தின ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் என் வேலை. இவன் முன்னாடி உட்கார்ந்து பேசுவான். நான் பின்னாடி உட்கார்ந்து பத்த வைப்பேன். செத்ததை எடுத்து வச்சதும் நான்தான்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது.

"அண்ணனைக் காப்பாத்தத் தங்கச்சி நல்லா டிராமா போடுது," என்றான் மைக்செட்காரரின் தம்பி. "ஏம்மா, டீ ஆத்தற கையில ஆம்ப்ளிஃபயர் பார்த்தியாக்கும்?"

"அம்மா, போலீஸ் வேலையைக் கெடுக்காதே," என்றார் இன்ஸ்பெக்டர். "பாசம் வேற, கேஸ் வேற."

"பாசமா? இவன் மேலயா?" அவள் மைக்செட்காரரின் தம்பி பக்கம் திரும்பினாள். "உங்க செட்டு ஒண்ணு அலமாரியில கிடக்கு. ஒரு பக்கம் பாடலைன்னு கொடுத்தது. நீயே எடுத்து வை."

அவன் எடுத்து வைத்தான். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.

அவள் திரையை முழுதாக ஒதுக்கினாள். அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. தண்ணீர்க் குடம், ஸ்டவ், அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை மேஜை. பலகை முழுக்கச் சூட்டுத் தழும்பு, விரல் வைக்கக்கூட இடமில்லாத அளவுக்கு. அதிலிருந்து அயர்னைப் பிடுங்கிக்கொண்டு வந்து அண்ணனுடைய மேஜையில் செருகினாள். அண்ணனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்த பன்னிரண்டு நிமிடம் எல்லோர் கண்ணும் அவள் கைமேல்தான் இருந்தது.

முதலில் மீட்டரை வைத்து நாலு டிரான்சிஸ்டரையும் தொட்டாள். இரண்டாவதில் மீட்டர் கத்தியது. "இதுதான் செத்தது," என்றாள். அடியில் பழைய ஈயத்தை இளக்கி, கையளவு பம்பால் உறிஞ்சி எடுத்தாள். கால்கள் இரண்டும் சுத்தமாகக் கழன்றன. தகடு உரியவில்லை, ஒயர் கருகவில்லை. செத்ததைக் கழற்றி, ஊசியால் தலையில் கீறி, டப்பாவில் போட்டாள். புது மைக்காத் தகட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். மோதிர விரலால் பேஸ்ட் தடவினாள். ஸ்குரூவை இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினாள். மறுபடி மீட்டர். உடம்பு அலுமினியத்தைத் தொடவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் அயர்னை எடுத்தாள். ஒயரைக் காலில் சுற்றி அயர்னை வைத்தாள், ஈயத்தைத் தொட்டாள், எடுத்தாள். அவ்வளவுதான். ஈயம் ஓடிப் போய்த் தானாக உட்கார்ந்தது.

"இனி கரன்ட்டா?" என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

"நேரா கரன்ட் கொடுக்க மாட்டாங்க. முதல்ல பல்பு வழியா." சுவரில் தொங்கிய நூறு வாட் பல்பின் ஒயரில் பெட்டியைச் செருகினாள். "உள்ள ஏதாவது தப்பா இருந்தா பல்பு முழுசா எரியும். பெட்டி தப்பிச்சுக்கும். எல்லாம் சரின்னா ஒரு மின்னு மின்னி அடங்கிடும்."

ஸ்விட்சைப் போட்டாள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கி அணைந்தது. ஸ்பீக்கர் ஒயரை மாட்டி, பின்னால் ஒரு துவாரத்தை விரல்நுனியால் தொட்டாள். இரண்டு பக்கமும் "ம்ம்ம்" என்று ஒரு கனத்த சத்தம் எழுந்து கண்ணாடிப் பெட்டியை அதிரவைத்தது.

வாசலில் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. தம்பிக்காரன் தங்கள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். புது வேலையைப் பார்த்தார், கருகிய பெட்டியைப் பார்த்தார், மறுபடி புது வேலையைப் பார்த்தார். "அதே கைதான்," என்றார், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு.

தன் குற்றத்தை இவ்வளவு அழகாக நிரூபித்த ஆள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏன்?" என்றார் பாஸ்.

"மேடைக்காக," என்றாள். "அந்த மைக்செட்காரர் எப்பவும் மேடையிலதான் பெட்டியைப் போடுவார், வீட்ல போட்டுப் பார்க்கவே மாட்டார். ஸ்விட்ச் போட்டதும் ஃபியூஸ் போகும். விழா நின்னுடும். 'கூப்பிடு மெக்கானிக்கை'ம்பாங்க. ஐநூறு பேர் முன்னாடி இவன் கையில அயர்னைக் கொடுப்பாங்க. அந்த ஒரு நிமிஷம்தான் நான் கேட்டது. போன மாசம் இந்த அண்ணன் என்னைப் பத்தி ஒரு கஸ்டமர்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'தங்கச்சிக்குப் போக்கிடம் இல்லை, நான்தான் சோறு போடறேன்'னான். நான் இங்க உட்கார்ந்து அவனுக்குப் பேர் வாங்கித் தந்துக்கிட்டு இருக்கேன், சோறு போடறானாம்!"

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"இவனுக்கு வேலை தெரியாதுன்னு நீங்க கண்டுபிடிப்பீங்க, ஊர் தெரிஞ்சுக்கும்னு நினைச்சேன். என்னைக் கண்டுபிடிப்பீங்கன்னு நினைக்கலை." அவள் பாஸை நேராகப் பார்த்தாள். மன்னிப்பு கேட்கிற பார்வை இல்லை அது. "இவன் ஜெயிலுக்குப் போறதுக்குக்கூட என் வேலையைத் தூக்கிக்கிட்டுப் போறான். அதைப் பார்த்துக்கிட்டு உள்ள நிக்க முடியலை."

"ஒருத்தன் கை போச்சே, அது?" தம்பிக்காரன் குரல் உடைந்து வந்தது.

அவள் முதல் தடவையாகத் தலையைக் குனிந்தாள். "பெட்டி அணையும்னுதான் நினைச்சேன். எரியும்னு நினைக்கலை."

"நினைக்கலையா? கம்பியை வச்சுட்டு நினைக்கலையா?" என்றார் இன்ஸ்பெக்டர். "சரி, கிளம்பு. ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் நீட்டிய கைகளை எப்போதோ மடக்கிவிட்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கவில்லை. தங்கை கம்பிக்கும் சேர்த்து ஜீப் ஏறப்போகிறாள், மனிதர் தூசி இருக்கிறதா என்று ஆம்ப்ளிஃபயர்களைப் பார்க்கிறார்! அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன்.

"ஒரு நிமிஷம் சார்," என்ற பாஸ் தங்கை பக்கம் திரும்பினார். "இன்ஸ்பெக்டர் செத்த டிரான்சிஸ்டர்னு சொன்னப்ப திரைக்குப் பின்னால சத்தமே இல்லை. கம்பின்னு சொன்னப்பதான் பாத்திரம் விழுந்துச்சு. ஏன்மா?"

"அப்பதான் எனக்கே தெரியும்," என்றாள் அவள்.

"ஈயம் வச்சா ஆற எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு எண்ணறதுக்குள்ள ஆறிடும்."

"ராத்திரி பூரா ஆறணும்னு யாராவது சொன்னா?"

"ஈயத்தைக் கண்ணால பார்க்காதவன் சொல்லணும்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். மெல்லத் திரும்பினாள். "யாரு சொன்னது?"

பாஸ் ஆஸ்பத்திரியில் கேட்டதைச் சொன்னார். விழாவுக்கு முந்தின சாயங்காலம், ஃபியூஸ் போன பெட்டி, பத்து நிமிடம், ராத்திரி முழுதும் ஆறவேண்டிய ஈயம். "அன்னைக்கு நீ எங்க போயிருந்தே?"

"கண் டாக்டர்கிட்ட." அவள் கருகிய பெட்டியை இழுத்து ஃபியூஸ் இருந்த இடத்தைப் பார்த்தாள். பெட்டி வந்ததிலிருந்து அதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பார்த்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. "அண்ணே, கம்பியா வச்சே?"

"ஃபியூஸ் போட்டுப் போட்டுப் பார்த்தேன், போயிட்டே இருந்துச்சு," என்றார் மெக்கானிக். குரலே எழும்பவில்லை. "அந்த ஆள் வெளிய நின்னுக்கிட்டு இருந்தான். என்னால சரி பண்ண முடியலைன்னு எப்படிச் சொல்றது?"

"நான் வர்ற வரைக்கும் இருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"உன்னைக் கேட்டுத்தான் பண்ணணும்னு எப்படிச் சொல்றது?"

அவள் ஓங்கி அறைந்தாள். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. தம்பிக்காரன்கூட ஓர் அடி பின்னால் போனான்.

"மைக்கா இல்லாம ஒரு ஸ்குரூகூட இறுக்க மாட்டேன்டா நான்! கெடுக்கணும்னு வச்சப்பகூட என்னால முடியலை! நீ கம்பியை வச்சுக் கொடுத்திருக்கே, மேடையில குழந்தைங்க இருக்கற இடத்துக்கு!"

கான்ஸ்டபிள் இரண்டு பேரையும் வாசலை நோக்கி நடத்தினார். கூட்டம் வழி விட்டது. யாரும் கல்லைத் தூக்கவில்லை. யார்மேல் எறிவது என்று தெரியாமல்தான்.

ஜீப்புக்குப் பக்கத்தில் மெக்கானிக் திடீரென்று நின்றார். இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், ரெண்டையும் நானே பண்ணேன்னு எழுதிக்கோங்க. டிரான்சிஸ்டரும் என் வேலைதான்னு. பொம்பளைப் பிள்ளை, அவளை விட்டுடுங்க. நான் போயிக்கறேன்."

கடைசியில் அண்ணன் அண்ணன்தான் என்று நினைத்தேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். அது தங்கையிடம் இல்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் போய், இன்னும் யாராவது நம்புவார்களா என்று தேடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் தயங்கினார். பாஸ் தயங்கவில்லை, ஆனால் பேசவும் இல்லை. பதில் சொல்ல வேண்டியவள் பக்கத்திலேயே நின்றாள்.

"அண்ணே," என்றாள் அவள், "கம்பி உன்னுது, நீ வச்சுக்கோ. டிரான்சிஸ்டர் என்னுது. எத்தனை வருஷம் போட்டாலும் நானே இருந்துட்டு வர்றேன். அதுல உன் பேரைப் போடாதே."

ஜீப்பில் முதலில் ஏறி உட்கார்ந்தது அவள்தான்.